இடப்பக்கக் கதவு

கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்
பாலிங் ஆஸ்பத்திரியில், இரண்டு முறை சோதித்து.
நானும் அதைத்தானே சொன்னேன்.
எல்லாம் தெரிகிறது.
தெரிவதில் எதுவும் குறையவில்லை.

மருதப்பன்தான்
என் தட்டை மெதுவாக அரைவட்டம் திருப்பினார்.
எங்கிருந்தோ வந்தது
பாதி நாசி லெமாக்,
நெத்திலியோடு, அரை முட்டையோடு.
மறுசோறு யார் வைத்தது என்றேன்.
அவர் குவளையைக் கழுவப் போய்விட்டார்.

டாக்டர் மண்டையை வரைந்து காட்டினார்,
பிளந்த பலாக்கொட்டை மாதிரி.
எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
உள்ளே இரண்டு பேர் வேலை.
ஒருத்தி வாயாடி.
கணக்கு, பேர், தகராறு எல்லாம் அவள் பொறுப்பு.
ஆனால் அவள் கழுத்து வலப்பக்கம்தான் திரும்பும்.
மற்றவள் அதிகம் பேசமாட்டாள்.
இத்தனை காலம் இரண்டு பக்கமும்
பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தானாம்.
விழுந்தது அவள்.
வாயாடிக்கு இன்னும் சேதி போகவில்லை.
இங்கே ஒன்றும் ஆகவில்லை என்று
என் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பதினேழு வருஷம்
கோலக் கெட்டிலில் பள்ளி வேன் ஓட்டினேன்.
வலப்பக்கத்துப் பிள்ளைகள் என்றால் பயம்,
ரோட்டைக் கடந்து வரவேண்டும்,
செம்பனை லாரி பிரேக் பிடிக்காது.
நானே இறங்கிக் கை காட்டுவேன்.
இடப்பக்கத்துப் பிள்ளைகள்
கதவண்டையே நிற்பார்கள்.
அவர்களைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்த ரொஸ்னிதா
தூத்துப் மாத்தா, காக், என்றாள்.
மூடினேன்.
மில் கேட்டிலிருந்து பள்ளிக்கு ஓட்டுங்கள்,
யார் யார் ஏறுகிறார்கள்?

ஓட்டினேன்.
கண்ணாடி இறங்கியிருக்கிறது, மில் ஆவி வாடை.
பழைய டிஸ்பென்சரி வாசலில் யுவேந்திரன்,
சப்பாத்துக் கயிறு கட்டாமல்.
சலூன் எதிரே நிஷாலினி.
தண்ணீர்த் தொட்டியடியில் ஹர்வினும் தம்பியும்,
இன்றைக்கும் சண்டை.
பள்ளி வந்துவிட்டது.
நாலு பேர்.
அவ்வளவுதானா? என்றாள்.
அவ்வளவுதான் என்றாள் வாயாடி, கோபமாக.

சரி, இப்போது மதியம்.
பள்ளியிலிருந்து மில்லுக்கு.

அங்சானா மரத்தைச் சுற்றி வேனைத் திருப்பினேன்.
டயர் கடை வந்தது.
டயர் கடையை எப்படி மறந்தேன்?
அதன் பக்கத்துச் சந்தில் பிரவினா,
மழையில்லாத நாளிலும் குடையோடு.
ஆ கியோங் காப்பிக்கடை, மாடியில் துளசிராமன்.
புதுத் தாமான் முனையில் இரட்டையர்,
யார் யாரென்று எனக்கு மட்டும் தெரியும்.
பிறகு லயத்துக் கடைசி வீடு, கவிநிலா,
பையைத் தரையில் இழுத்துக்கொண்டு.
ஐந்து பேர்.
மில் கேட் வந்ததும் நிறுத்தினேன்.

டிஸ்பென்சரி எங்கே? என்று கேட்டாள்.
எந்த டிஸ்பென்சரி?

நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய்
ஐந்து பேரை இறக்கியிருக்கிறேன்.
விரல்விட்டு எண்ணினேன்,
வலக்கை விரல்களால்.
அந்த நாலு பேர் எங்கேயாவது இறங்கினார்களா?
ரொஸ்னிதா ஏதோ எழுதினாள்.
முதல் தடவையாக
வாயாடியிடம் பதில் இல்லை.

வேனை விற்றாகிவிட்டது.
சனிக்கிழமை வாங்க வந்தவன்
கதவை இழுத்து இழுத்துப் பார்த்தானாம்.
நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன்.
தகரம் தண்டவாளத்தில் ஓடும் அந்தச் சத்தம்,
ஒருமுறை, மறுபடி ஒருமுறை.
எங்கிருந்து என்று தெரியவில்லை.
வலப்பக்கம் முழுக்கத் தேடினேன்.

மோவாயைத் தோளுக்குக் கொண்டுபோ என்பது பயிற்சி.
கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம்.
வெயில் முளைத்தது,
வேலி முளைத்தது,
நாற்காலியில் மருதப்பன், எத்தனை நேரமாகவோ,
என் இடக்கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு.